ஸ்டார் போடாத வீடுகளுக்கும் சேர்த்துத்தான் திருவருகைக் காலம்

நவம்பர் கடைசியில் மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரை கடைகளில் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்க ஆரம்பித்துவிடுகிறது. குடில் வேலை, வண்ண விளக்கு, கேரல் குழுவுக்கு டிரம் ஏற்பாடு என்று ஊரே பரபரப்பாகிவிடும். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் டிசம்பர் முதல் வாரத்திலேயே இயேசு பிறந்துவிட்டது போலக் கொண்டாடத் தொடங்கினால், காத்திருப்பதற்கென்று திருச்சபை தந்த திருவருகைக் காலம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய அந்த நான்கு வாரங்கள், எங்கே போகும்? இந்த வருத்தம் எனக்கு வருடா வருடம் வருகிறது.

அந்த வாரங்களில் கோவிலில் கவனித்துப் பாருங்கள். ஃபாதர் ஊதா உடையில் வருகிறார். ஞாயிறு திருப்பலியில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடலைப் பாடுவதில்லை. பீடத்தருகே வளையத்தில் வைத்திருக்கும் நான்கு மெழுகுதிரியையும் ஒன்றாக ஏற்றுவதில்லை, வாரத்துக்கு ஒன்றுதான். முதல் வார வாசகங்களில் குழந்தை இயேசு வருவதே இல்லை, விழித்திருங்கள் என்கின்றன. அந்த மெழுகுதிரி வளையமும் 1839-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் யோகான் வைக்கர்ன் என்ற போதகர் ஆதரவற்ற பிள்ளைகளுக்காகச் செய்ததுதான். கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளைப் பொருத்தி நாளுக்கு ஒன்றாக ஏற்றினார்.

அந்த நாட்டில் டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். நமக்கு ஆறு மணி வரை வெளிச்சம் உண்டு. நம் குமரி மாவட்டத்துக்கு டிசம்பர் இருட்டு கடலிலிருந்து வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியை குளச்சலும் மணக்குடியும் மறக்குமா? அப்புறம் 2017 நவம்பர் 30, ஒக்கி புயல்.

அந்த வருடம் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 3. புயல் அடித்து மூன்றே நாள். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி என்று அந்தக் கரை முழுக்க, ஆழ்கடலுக்குப் போனவர்களைப் பற்றிச் சேதி இல்லை. அன்றைய நற்செய்தி மாற்கு 13: வீட்டுத் தலைவர் மாலையில் வரலாம், நள்ளிரவில் வரலாம், சேவல் கூவும்போது வரலாம், விடியும்போதும் வரலாம். முதல் வாசகத்தில் எசாயா, வானத்தைப் பிளந்து இறங்கி வாரும் என்று கதறுகிறார். புயலைப் பார்த்து யாரும் தேர்ந்தெடுத்த வாசகங்கள் இல்லை. மூன்றாண்டுச் சுழற்சியில் அன்றைக்கு உரியவை. இரவெல்லாம் கடலையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் அதை எப்படிக் கேட்டிருப்பாள்? அந்த ஞாயிறுக்குப் பிறகு இந்த வாசகங்களை என்னால் சும்மா கேட்டுவிட்டு வர முடியவில்லை.

டிசம்பர் 7 அன்று அந்த மக்கள் குழித்துறை ரயில் நிலையத்துக்கு வந்து தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். காணாமல் போனவர்களைத் தேடுங்கள் என்பதுதான் கோரிக்கை. விசுவாசத்தோடு காத்திருப்பது எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் அந்தத் தண்டவாளத்தைத்தான் காட்டுவேன். வருவார்கள் என்ற நம்பிக்கை விட்டுப்போயிருந்தால் தேடச் சொல்லியிருக்க மாட்டார்கள். பலர் வரவில்லை. ஆனாலும் அந்த வீடுகளில் குடும்ப செபம் நிற்கவில்லை. ஒளி என்று நான் நம்புவது இதைத்தான்.

நம் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருடம் சாவு நடந்த வீட்டில் ஸ்டார் போட மாட்டார்கள், குடில் வைக்க மாட்டார்கள். கேரல் குழுவும் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடும். மரியாதைக்காகத்தான் அப்படிச் செய்கிறோம், தெரியும். ஆனாலும் டிரம் சத்தம் வாசலைக் கடந்து போகும்போது உள்ளே இருப்பவர்களுக்கு எப்படி இருக்கும்? கிறிஸ்துவின் வருகைக்காக வேறு எவரையும்விட ஏங்கி நிற்பது அந்த வீடுதானே.

அதனால் எங்கள் அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் குழுவில், ஒன்று கேட்கப்போகிறேன். உங்கள் அன்பியத்திலும் கேளுங்கள். கேரல் போகும் தெருக்களை முடிவு செய்வதற்கு முன்னால், இந்த வருடம் ஸ்டார் போடாத வீடுகள் எவை என்று எழுதிக்கொள்வோம். திருவருகைக் காலத்தின் முதல் வாரத்திலேயே அங்கே போவோம். டிரம் வேண்டாம், கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் வேண்டாம், காணிக்கைப் பெட்டியும் வேண்டாம். நாலைந்து பேர் ஒரு மெழுகுதிரியோடு போய் உட்கார்ந்து, இறந்தவரின் பெயரைச் சொல்லி செபித்து, அவர்கள் பேசினால் கேட்டுவிட்டு வருவோம். மற்ற வீடுகளுக்கு டிசம்பர் 20-க்கு மேல் போனாலும் போதும்.