ஆமாம், மாஸ்க் போட்டுத்தான் அடிப்பேன்

எங்கள் சலூனைத் திட்டி வந்த ரிவ்யூவின் அந்த ஸ்க்ரீன்ஷாட்டை சிட்னித் தமிழர்களில் பாதிப் பேர் இதற்குள் பார்த்திருப்பீர்கள். மீதிப் பேருக்கு வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை.

நான் வேலை பார்ப்பது ஸ்ப்ரே டேன் சலூனில், அதாவது வெயிலில் காயாமலே தோல் பழுப்பாக உடம்பில் சாயம் அடிக்கிற இடத்தில். எங்கள் சலூனுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்ட அந்தப் பெண்மணி மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. காசு கொடுத்தவர், நாலு வார்த்தை எழுதத்தான் செய்வார். "கரப்பான்பூச்சிக்கு மருந்தடிக்க வந்தவர் மாதிரி முகமூடி மாட்டிக்கொண்டு என் மேல் ஸ்ப்ரே அடித்தார்" என்று எழுதியிருந்தார். நிறம் நன்றாக வந்ததாம். கோடு, திட்டு எதுவும் இல்லையாம். ஆனால் என் மாஸ்க் அவர் மனதைப் புண்படுத்திவிட்டதாம். சரி, போகட்டும்.

அதை எடுத்துவந்து நம் குழுவில் போட்டு, "கொரோனா முடிஞ்சிடுச்சுன்னு யாராவது இவங்களுக்குச் சொல்லுங்கப்பா" என்று ஓர் அண்ணன் எழுதினார் பாருங்கள், அதுதான் எரிச்சல். கீழேயே "சர்க்கரைத் தண்ணி அடிக்கிறதுக்கு இவ்வளவு பில்டப்பா?" என்று ஓர் அக்கா. வருஷா வருஷம் அவர் வீட்டுக் கொலுவுக்குப் போய் சுண்டல் வாங்கி வருகிறவள் நான். ஒரு போன் போட்டு "ஏம்மா, எதுக்கு அந்த மாஸ்க்?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதனால் இங்கேயே சொல்கிறேன்.

ஸ்ப்ரே அடிப்பதற்காகப் போட்ட சின்னக் கூடாரம்தான் டென்ட். கிளையன்ட் அதற்குள் நிற்பது பத்து நிமிஷம். நான் நிற்பது நாள் முழுக்க. எனக்குச் சொல்ல இருப்பதே இவ்வளவுதான். புரிந்தவர்கள் இத்துடன் நிறுத்திக்கொண்டு வேறு வேலை பார்க்கலாம்.

புரியாதவர்களுக்கு: ஸ்ப்ரே டேன் என்பது சாயத்தைக் கையால் தேய்க்கிற வேலை இல்லை. ஸ்ப்ரே கன்னில் சாயக் கரைசலை, அதுதான் சொல்யூஷனை, ஊற்றி, காற்றழுத்தத்தில் மெல்லிய மூட்டமாக்கி, ஒரு சாண் தூரத்தில் நின்று உடம்பு முழுக்க அடிக்க வேண்டும். அடிப்பதெல்லாம் தோலில் போய் ஒட்டாது. ஒட்டாதது காற்றில் மிதக்கும். கண்ணுக்குத் தெரிகிற பெரிய துளி டென்ட்டிலும் தரையிலும் விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத சின்னத் துளிதான் வில்லன். ஆள் உடை மாற்றிப் போன பிறகும் அது அறையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அடுத்த ஆள் உள்ளே வருவார். நான் அதே அறையில்தான் இருப்பேன்.

முகத்துக்கு அடிக்கும்போது கிளையன்ட்டிடம் நான்தான் சொல்வேன்: "கண்ணை மூடுங்கள், உதட்டை மூடுங்கள், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்." கேட்டால் மூக்குக்குள் வைத்துக்கொள்ளச் சின்ன ஃபில்டர்கூடக் கொடுப்போம். சில நொடி அந்த மூட்டத்தில் நிற்கிறவருக்கு இவ்வளவு ஏற்பாடு. அடிக்கிறவள் மூச்சைப் பிடித்துக்கொண்டா மாலை வரை வேலை பார்க்க முடியும்? இதற்கு அந்த அண்ணன் பதில் சொல்லட்டும்.

நான் முதலில் சேர்ந்த கடையில் மாஸ்க்கும் கிடையாது, காற்றை இழுக்கிற ஃபேனும் கிடையாது. ஒரு மேசை ஃபேன் இருந்தது, அதுவும் கிளையன்ட் சீக்கிரம் காய்வதற்கு. ராத்திரி வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் டிஷ்யூவில் டிகாஷன் நிறம். சளியும் அதே நிறம். டென்ட்டுக்குப் பின்னால் இருந்த வெள்ளைச் சுவரின் கீழ்ப்பகுதியில் விரலை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டும். வாரக் கடைசியில் அதைத் துடைப்பதும் என் வேலை. சுவரைத் துடைத்துவிடலாம். நுரையீரலுக்குள் எந்தத் துணியை விட்டுத் துடைப்பது?

இப்போது அந்தச் "சர்க்கரைத் தண்ணி"க்கு வருகிறேன். அக்கா சொன்னது முழுப் பொய் இல்லை. நிறம் கொடுக்கிற பொருள் டிஹெச்ஏ, முழுப்பெயர் டைஹைட்ராக்ஸி அசிட்டோன். சர்க்கரை வகையைச் சேர்ந்ததுதான். தோலின் மேலடுக்கில் உயிரில்லாத செல்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றிலுள்ள அமினோ அமிலத்தோடு வினைபுரிந்து பழுப்பாகும். தோசைக் கல்லில் மாவு முறுகுகிறபோது நடப்பதும் அதே வகை வினைதான். அந்தச் செல்கள் உதிர உதிர ஒரு வாரத்தில் நிறமும் போய்விடும். தோலைப் பொறுத்தவரை அழகான ஏற்பாடு. ஆனால் நுரையீரலில் அப்படி உதிர்ந்துபோகிற செத்த அடுக்கு எதுவும் கிடையாது, அக்கா. அங்கே எல்லாம் உயிரோடு இருக்கிறது.

அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், எஃப்டிஏ, டிஹெச்ஏவை வெளிப்பூச்சுக்கு மட்டும்தான் அனுமதித்திருக்கிறது. வெளிப்பூச்சு என்றால் உதடு, மூக்கின் உள்பக்கம் மாதிரி ஈரச் சவ்வு உள்ள இடங்கள் அதில் சேராது. கண்ணைச் சுற்றியும் அனுமதி இல்லை. உடம்பு முழுக்க மூட்டமாக அடிக்கிற முறைக்கு அவர்கள் இன்னும் அனுமதி கொடுக்கவில்லை. காரணம், அது பாதுகாப்பானது என்று காட்டுகிற தரவை யாரும் அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. இத்தனை சலூன், இத்தனை பிராண்ட், இத்தனை கோடி வியாபாரம், ஒருவருக்கும் அதற்கு நேரம் கிடைக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் டேன் பொருட்களில் டிஹெச்ஏ 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு போட்டது. இங்கே எங்கள் அலமாரியில் 14, 16 என்று அச்சடித்த பாட்டில்களும் இருக்கின்றன. சீக்கிரம் கறுக்க வேண்டும், அடர்த்தியாகக் கறுக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்பவர்களின் கவலை. போதாததற்கு அதில் வாசனைத் திரவியம், சீக்கிரம் உலர்வதற்கான பொருள், பதப்படுத்தி என்று இன்னும் என்னென்னவோ கலந்திருக்கும். "சர்க்கரைத் தண்ணி" என்று யார் சொன்னது?

"இதெல்லாம் சின்னக் குழந்தைகளுக்கு மருந்தாகக் கொடுத்ததுதானே, கூகுளில் பார்த்தேன்" என்று ஒருவர் கட்டாயம் வருவார். வாருங்கள் சார். 1950-களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில், கிளைகோஜன் சேமிப்புக் குறைபாடு, அதாவது உடம்பு சர்க்கரையைச் சேமித்துப் பயன்படுத்துவதில் கோளாறு, உள்ள குழந்தைகளுக்கு இதைக் குடிக்கக் கொடுத்தது உண்மை. மேலே சிந்தியபோது துணியில் கறை படியாமல் தோல் மட்டும் பழுப்பானதைக் கவனித்ததில் இருந்துதான் இந்தத் தொழிலே பிறந்தது. ஆனால் குடித்தது வயிற்றுக்குப் போனது. நீங்கள் குடிக்கிற பாலும் வயிற்றுக்கு நல்லதுதான். புரையேறினால் என்ன ஆகிறது என்று தெரியும் இல்லையா?

அடுத்த கேள்வி: "இதனால் யாருக்காவது நுரையீரல் போயிருக்கிறதா? நிரூபி." என்னிடம் கேட்டால்? நான் கன் பிடிக்கிறவள், ஆய்வகம் நடத்துகிறவள் இல்லை. உள்ளே போகக் கூடாது என்று சொல்லப்பட்ட பொருள் நாள் முழுக்க என் மூக்கின் முன்னால் பறக்கிறது, அதனால் மூடிக்கொள்கிறேன். இதே நாட்டில் சமையலறை மேடைக்குச் செயற்கைக் கல் அறுத்த பையன்களுக்கு என்ன ஆனது? பல வருஷம் அந்தத் தூசியை வெறும் தூசி மாதிரித்தான் நடத்தினார்கள். நுரையீரல் இறுகி சிலிகோசிஸ் வந்து, இளவயசுக்காரர்கள் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு டிவியில் வந்த பிறகுதான் 2024 ஜூலை 1-ம் தேதி அந்தக் கல்லுக்குத் தடை வந்தது. அந்தத் தூசியில் இருக்கிற சிலிக்காவும் டிஹெச்ஏவும் ஒன்றில்லை, தெரியும், கமெண்டில் பாடம் எடுக்க வேண்டாம். ஆள் விழுந்த பிறகுதான் நிரூபணம் வரும் என்றால், விழுகிற ஆளாக நான் இருக்க வேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.

எனக்கு இதில் பயம் வந்தது இங்கே வந்த பிறகு இல்லை. எங்கள் சித்தப்பா கரூரில் பஸ் பாடி கட்டுகிற கம்பெனியில் பெயின்டர். கம்ப்ரஸர், கன், ஒரு பக்கமாகத் திறந்த ஷெட். மூக்கைச் சுற்றி ஈரத்துண்டு கட்டிக்கொள்வார், அதுதான் பாதுகாப்பு. கம்பெனி கொடுத்தது வெல்லமும் வாழைப்பழமும். தின்றால் உள்ளே போனதெல்லாம் வெளியே வந்துவிடும் என்று நம்பிக்கை. வெல்லம் இரைப்பைக்குப் போகிறது, பெயின்ட் நுரையீரலுக்குப் போகிறது, இரண்டும் வழியில் எங்கே சந்தித்துக்கொள்ளும் என்று யாரும் கேட்கவில்லை. நாற்பது தாண்டியதும் படுக்க முடியாமல் போய், திண்ணையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்குவார். இழுப்பு, விசில் மாதிரி சத்தம். டாக்டர் "பெயின்ட் பக்கமே போகாதே" என்றார். கார், பஸ்ஸுக்கு அடிக்கிற பெயின்ட் இறுகக் கலக்குகிற ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கும், அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும் என்பதை நான் இந்த ஊரில் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அவர் துண்டு கட்டியதைப் பார்த்தும் சிரித்தார்கள். "என்னய்யா, கொள்ளைக்காரன் மாதிரி?" என்பார்களாம். அப்புறம் என் மாஸ்க்கைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் மேல் எனக்கு எப்படி இருக்கும்?

எங்கள் மேனேஜரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல மனுஷிதான். ரிவ்யூ வந்த மறுநாள் கூப்பிட்டு, "அந்தப் பெரிய மாஸ்க் வேண்டாமே, நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க் போட்டுக்கொள், பார்க்க மென்மையாக இருக்கும்" என்றார். பார்க்க மென்மையாக! சர்ஜிக்கல் மாஸ்க் கன்னத்தில் ஒட்டாது. ஓரத்தில் இடைவெளி இருக்கும், மூச்சை இழுத்தால் காற்று அந்த வழியாகத்தான் வரும். வாயிலிருந்து போகிற எச்சிலைத் தடுக்க வந்த சாதனம் அது. இந்த மூட்டத்துக்குக் குறைந்தது பி2 வேண்டும், முகத்தோடு ஒட்டி நுண்துளியைத் தடுக்கிற மாஸ்க். அமெரிக்காவில் என்95 என்பார்கள். நாள் முழுக்கப் போட்டால் காதுக்குப் பின்னால் எரியும், மூக்கின் மேல் பள்ளம் விழும். வீடியோ காலில் அம்மா "மூக்குல என்னடி தடம்?" என்று கேட்பார். ஆசைப்பட்டா போடுகிறேன்?

இன்னொன்று, மாஸ்க் கடைசி ஆயுதம்தான், ஒத்துக்கொள்கிறேன். முதலில் வேண்டியது மூட்டத்தை இழுத்துக்கொள்கிற எக்ஸ்ட்ராக்டர் ஃபேன். அதையும் சரியான இடத்தில் வைக்க வேண்டும். கிளையன்ட்டுக்குப் பின்னால் ஃபேன், முன்னால் நான். அடிப்பது அவரைத் தாண்டி ஃபேனுக்குள் போக வேண்டும், என் பக்கம் திரும்பக் கூடாது. ஃபில்டரைக் கழுவாமல் விட்டால் ஃபேன் வெறும் சத்தம்தான் போடும். நவம்பர் மாதம் மெல்போர்ன் கோப்பை குதிரைப் பந்தயம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் ஃபார்மல் விருந்து என்று வரிசை கட்டி வருகிறபோது யாருக்கு ஃபில்டர் கழுவ நேரம்? ஓர் ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவில் காற்று மாற நேரம் விடச் சொன்னால், காலண்டரில் இடம் இல்லை என்பார்கள். 2011-ம் வருஷத்து வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் இதை முதலாளியின் கடமை என்கிறது. பாதுகாப்புச் சாதனத்துக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது.

இந்த ஊரில் புறஊதா விளக்கின் கீழ் படுத்துத் தோலைக் கறுக்க வைக்கிற வெயில் படுக்கை, அதுதான் சோலாரியம், 2014 கடைசியோடு கடைகளில் தடை ஆனது. தோல் புற்றுநோய் பயம். "ஸ்ப்ரே டேன்தான் பாதுகாப்பான வழி" என்று எல்லா விளம்பரத்திலும் போடுவார்கள். யாருக்குப் பாதுகாப்பு? பத்து நிமிஷம் நிற்கிறவருக்கு.

"இவ்வளவு பயம்னா வேற வேலை பார்க்கலாமே?" என்று எழுதிய புண்ணியவானே, நீங்கள் ஏசி அறையில் லேப்டாப் தட்டுகிறீர்கள். முதுகு வலிக்கிறது என்று கம்பெனி செலவில் உயரமான மேசை வாங்கிக்கொண்டு அதைப் போட்டோ பிடித்துப் போட்டீர்களே, "வேற வேலை பாரு" என்று நான் வந்து எழுதினேனா? இல்லை, லைக் போட்டேன். என் எம்.காம். பட்டத்தை இங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சான்றிதழ் படிப்பு படித்து, கை பழகி, ஒரு திட்டு இல்லாமல் அடிக்கிறேன். என்னையே கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் அம்மா இன்னமும் சொந்தக்காரர்களிடம் "ஸ்கின் கிளினிக்ல இருக்கா" என்றுதான் சொல்கிறார். அதை விடுங்கள், அது வேறு கதை.

எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிடுகிறேன். அந்தப் பதிவில் எல்லாவற்றையும் விட அதிகமாகச் சிரிப்பு ஸ்மைலி விழுந்த கமெண்ட் மாஸ்க்கைப் பற்றியது இல்லை, என் நிறத்தைப் பற்றியது. "அவங்க மேல பட்டாலும் தெரியவா போகுது?" அந்த அக்காவும் அதற்குச் சிரித்திருக்கிறார். தன் மகளின் அரங்கேற்றத்துக்கு மூன்று ஷேடு வெளுப்பாக மேக்கப் போடச் சொன்னவர். நான் மாட்டேன் என்றதும் வேறு ஆளைப் பிடித்தவர். எங்கள் கடைக்கு வருகிற பெண்களில் சிலர் என் முன்னங்கையைத் தொட்டுக் காட்டி "இந்த நிறம் வருமா?" என்று கேட்கிறார்கள். அதற்குக் காசும் கொடுக்கிறார்கள், ஒரு வாரத்தில் போய்விடும் என்று தெரிந்தே. நம்மவர்களுக்கு அதே கை ஜோக். மாஸ்க்கில் ஆரம்பித்து எங்கே வந்துவிட்டேன் பாருங்கள். ஆனால் வந்தது நான் இல்லை, நீங்கள்தான் முதலில் வந்தீர்கள்.

மேனேஜரிடம் பதில் சொல்லிவிட்டேன். பி2 இல்லாமல் டென்ட் பக்கம் போக மாட்டேன், வேண்டுமானால் வாசலிலேயே "டெக்னீஷியன் மாஸ்க் அணிந்திருப்பார்" என்று போர்டு வையுங்கள் என்றேன். யோசிக்கிறேன் என்றார். யோசிக்கட்டும்.

பி.கு.: இன்பாக்ஸில் உண்மையாகவே விவரம் கேட்ட தங்கைகளுக்கு. எந்த பிராண்ட் என்று கேட்காதீர்கள், முகத்துக்கு முகம் மாறும். போட்டதும் இரண்டு கையாலும் மூடி, வேகமாக மூச்சை விட்டுப் பாருங்கள். ஓரத்தில் காற்று கசிந்தால் அது உங்கள் அளவு இல்லை. கன்னத்தில் மாய்ஸ்சரைசர் இருந்தால் வழுக்கும், முடிக்கற்றை நடுவில் மாட்டினாலும் கசியும். பி2 துளியைத் தடுக்கும், வாசனையைத் தடுக்காது. வாசனை தலைவலி கொடுக்கிறது என்றால் கரித்தூள் ஃபில்டர் சேர்த்த அரைமுக மாஸ்க் பாருங்கள். கன்னில் அழுத்தத்தையும் சொல்யூஷன் வருகிற அளவையும் குறைத்து அடித்துப் பழகுங்கள், பறப்பது பாதியாகக் குறையாவிட்டாலும் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும். ஆள் போன பிறகும் ஃபேனை ஓட விடுங்கள். பில்லை முதலாளியிடம் கொடுங்கள்.