கேள்விக்கு ஒரு பூமியா?

வீட்டு விசேஷத்துக்கு வந்த என் பெரியப்பா மகன், பந்தியில் என் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "பூமி உருண்டைன்னு உங்க புத்தகத்துல போட்டிருக்கறது சுத்தப் பொய் பாப்பா, அது தட்டை" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவள் ஏழாம் வகுப்பு. மறுநாள் அறிவியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா, இதுல எதை நம்பறது?" என்று கேட்கிறாள். வயிறு எரிகிறது. இத்தனை நாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவர் அனுப்பிய வீடியோக்களை வாய் திறக்காமல் கடந்து போனேன். இனி முடியாது.

சரி, அவர் சொல்வதையே எடுத்துக்கொள்வோம். பூமி ஒரு தட்டு. நடுவில் வட துருவம், விளிம்பைச் சுற்றிப் பனிச்சுவராக அண்டார்டிகா. சூரியன் ஏறக்குறைய 5,000 கி.மீ. உயரத்தில் தட்டுக்கு மேலேயே வட்டமடிக்கிறது. அப்படியானால் அது மறையவே வழியில்லையே! நமக்கு நள்ளிரவாகும்போது 18,000 கி.மீ.க்கு அப்பால் போயிருந்தாலும், வானத்தில் 15 டிகிரி உயரத்தில் தெரிந்தாக வேண்டும். கையை நீட்டி, மடக்கிய முஷ்டியை அடிவானத்தில் வைத்தால் அதற்கும் மேலே. கேட்டால், "தூரம் போகப் போகச் சின்னதாகி மறையுது" என்கிறார். எங்கே சின்னதாகிறது? கன்னியாகுமரியில் போய் நில்லுங்கள். மத்தியானம் இருந்த அதே அளவு வட்டம், அடிப்பக்கத்திலிருந்து கடலுக்குள் இறங்குகிறது.

2025 செப்டம்பர் 7 இரவு நானும் என் பெண்ணும் மொட்டைமாடியில் இருந்தோம். பத்து மணி வாக்கில் நிலாவின் ஓரத்தில் வளைந்த கருமை ஒன்று ஏறத் தொடங்கியது. பதினொன்றுக்கு நிலா முழுக்கச் செம்பு நிறம். சூரியனும் நிலாவும் எப்போதும் தட்டுக்கு மேலேயே சுற்றுகின்றன என்றால், அந்த நிழல் யாருடையது? "கண்ணுக்குத் தெரியாத ஒரு கருங்கோள் குறுக்கே வருது" என்பது அவர் பதில். இது பழைய ராகு கதைதானே! அது பூமியின் நிழல் என்று 499-ல் ஆரியபட்டர் எழுதிவிட்டார்.

சிட்னியிலிருந்து சிலியின் சான்டியாகோவுக்கு நேரடி விமானம் சுமார் 13 மணி நேரத்தில் போகிறது, 11,300 கி.மீ. தூரம். பூமி தட்டை என்பவர்கள் காட்டும் அந்த வட்டப் படத்தில் அளந்தால் 25,000 கி.மீ. தாண்டும். இதற்கு மட்டும் "அந்தப் படம் சரியில்லை" என்று ஒதுங்கிவிடுவார். நாளைக்குச் சூரியனைப் பற்றிப் பேசும்போது அதே படத்தைத்தான் மறுபடி எடுப்பார்.

எனக்கு ஆறவே ஆறாதது இன்னொன்று. "நீங்களே சோதிச்சுப் பாருங்க" என்று வாய் கிழியப் பேசுகிறார்களே, சோதித்தார்களே! அமெரிக்காவில் பூமி தட்டை என்று நம்பும் கூட்டத்தினர் 20,000 டாலருக்கு ஒரு கைரோஸ்கோப், அதாவது சுழற்சியை அளக்கும் கருவி, வாங்கி வைத்துப் பார்த்தார்கள். மணிக்கு 15 டிகிரி நகர்வு காட்டியது. 24 மணி நேரத்துக்கு 360. பூமி சுழல்வதைத் தங்கள் கருவியிலேயே பார்த்துவிட்டு, வானத்துச் சக்தி ஏதோ தொந்தரவு செய்கிறது என்றார்கள். 2024 டிசம்பரில் அவர்களில் சிலர் அண்டார்டிகாவுக்கே போனார்கள். அங்கே நடக்கவே நடக்காது என்று அவர்கள் சொல்லிவந்ததுதான் நடந்தது: 24 மணி நேரமும் சூரியன் மறையாமல் சுற்றி வந்தது. பார்த்தவர்களில் ஒருவர் தான் நினைத்தது தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்த மனுஷனை மதிக்கிறேன். ஊரிலேயே உட்கார்ந்திருந்தவர்களோ அந்த வீடியோவே போலி என்றார்கள்.

அண்ணா, ராத்திரி, கிரகணம், விமானம் எல்லாம் பொருந்துகிற மாதிரி, அளவு போட்ட ஒரே ஒரு வரைபடம் கொண்டு வாருங்கள். அதுவரை என் பெண்ணிடம் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.