சுவருக்குச் சுண்ணாம்பு கேட்டால் ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்?

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஒரு மூட்டை சுண்ணாம்பு வாங்குவதற்குள் எத்தனை பேரிடம் எத்தனை பேச்சு! தங்கமா கேட்டேன்? சுண்ணாம்புதானே கேட்டேன். "அதெல்லாம் இப்ப யாருக்கா வாங்குறா, பட்டி பாத்து எமல்ஷன் அடிச்சி விட்டுடுங்க, அஞ்சு வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்" என்கிறார் ஹார்டுவேர் கடைத் தம்பி. அஞ்சு வருஷமாம். கார்த்திகை மாசத்தில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்து அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு இதைச் சொல்லட்டும்.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம், பாமணி ஆற்றுப் பாசனம். வீடு பழைய வீடு: திண்ணை, ரேழி, முற்றம், சுற்றித் தாழ்வாரம், ஓட்டுக் கூரை. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசிய சுவர் என்று பெரியவர்கள் சொல்வார்கள், சுரண்டிப் பார்த்தால் அந்தக் கெட்டித்தனம் கையில் தெரியும். அந்தச் சுவரின் கீழ்ப்பாதியைத்தான் மாமனார் காலத்தில் ஒரு கொத்தனார் "பழசு உதிருது, சிமெண்டு பூசிட்டா கல்லு மாதிரி நிக்கும்" என்று கொத்தி எடுத்துவிட்டு சிமெண்டு பூசினார். அதற்கு மேல் பட்டி என்கிற, சுவரை வழவழப்பாக்கத் தேய்க்கிற மாவு, அதற்கு மேல் பிரைமர், அதற்கு மேல் எமல்ஷன் பெயிண்ட். ஒவ்வொரு மழைக்காலமும் அந்த இடம் மட்டும்தான் கெடுகிறது! பெயிண்ட் முதலில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். விரலால் ஒன்றை அழுத்தினால் தோல் கிழிந்து, உள்ளே இருக்கிற பட்டி ஈரமாவு மாதிரி விரலில் ஒட்டும். மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்ததும் அதே இடத்தில் வெள்ளை வெள்ளையாக, பஞ்சு போல, மெல்லிய ஊசி ஊசியாக உப்பு பூத்து நிற்கும். கையால் தட்டினால் சொரசொரவென்று கொட்டுகிறது. பெருக்கினால் மறுநாளும் கொட்டுகிறது. அதற்குமேல், யார் கண்ணுக்கும் படாமல் பழைய சுண்ணாம்புக் காரை இருக்கிற மேல்பாதி ஒரு சேதமும் இல்லாமல் நிற்கிறது. இதைப் பார்த்த பிறகும் "திரும்ப நல்ல வாட்டர் ப்ரூஃப் கெமிக்கல் கலந்து பூசிடலாம்மா" என்று சொல்கிறவர்களிடம் என்னத்தைப் பேசுவது?

இது ஒன்றும் மந்திரமில்லை. டெல்டா மண் களிமண், தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாது. ஐப்பசி, கார்த்திகையில் சுற்றிலும் சம்பா வயல் தண்ணீரில் நிற்கிறது, கொல்லைக் கிணற்றில் குனிந்து மொள்ளலாம் போல இருக்கிறது. பழைய வீட்டுக்கு அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தைத் தடுக்கிற பெல்ட் எல்லாம் போடவில்லை. செங்கல் ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும், அதைத்தான் ஓதம் என்கிறோம். வருகிற ஈரம் வெறும் தண்ணீராக வருவதில்லை, மண்ணில் இருக்கிற உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் ஈரம் சுவரின் முகம் முழுக்கப் பரவிக் காற்றில் காய்ந்துவிடும், உப்பு மேலே பூக்கும், துடைப்பத்தால் பெருக்கித் தள்ளிவிடலாம். சிமெண்டையும் பிளாஸ்டிக் மாதிரி ஒரு பெயிண்டையும் அதன்மேல் ஒட்டினால்? ஈரச் சட்டைக்கு மேல் மழைக்கோட்டு போட்டுப் பொத்தானையும் மாட்டிவிட்ட கதைதான். வெளியே போக வழியில்லாமல் ஈரம் உள்ளேயே நிற்கும், இன்னும் மேலே ஏறும். உப்பு பெயிண்டுக்குப் பின்னால் இறுகிப் பெருத்து, பூச்சையே உடைத்துத் தள்ளும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போனால் கேட்கவே வேண்டாம், அங்கே நிலத்தடி நீரே பல இடங்களில் உப்பு. அந்தத் தண்ணீரிலேயே கலவை குழைத்துப் பூசினால் உப்பை நாமே சுவருக்குள் வைத்துக் கொடுக்கிறோம்.

அப்புறம் இந்தப் பொங்கல் கணக்கு. இதை யாருமே யோசிப்பதில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நம் ஊரில் காலங்காலமாக மார்கழியில் வெள்ளையடிக்கிறோம். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும், சுவர் ஊறிப்போய் இருக்கும். சுண்ணாம்புக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. சுண்ணாம்பு காற்றில் இருக்கிற கரியமில வாயுவை இழுத்துத்தான் திரும்பவும் கல்லாக இறுகுகிறது, அப்படி இறுகுவதற்குக் கொஞ்சம் ஈரமும் வேண்டும். ஆகவே மார்கழி சரி. எமல்ஷனுக்கு நன்றாகக் காய்ந்த சுவர் வேண்டும், டப்பாவிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. எங்கள் பக்கம் பழைய சுவர் காய மாசி, பங்குனி ஆகும். ஆனால் எல்லாரும் என்ன செய்கிறார்கள்? சுண்ணாம்புக்கு ஏற்பட்ட பழக்கத்தை வைத்துக்கொண்டு, அதே மார்கழியில், ஊறின சுவரில், அவசர அவசரமாகப் பட்டி பார்த்து எமல்ஷன் அடிக்கிறார்கள். தை பிறக்கும்போது பளபளவென்று இருக்கும். அடுத்த மழைக்கு உரிந்து தொங்கும். திரும்ப ஆயிரக்கணக்கில் செலவு. இதற்கு வட்டிக்கு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அறுவடைப் பணம் வரும் முன்னால் பொங்கல் வருகிறதே!

சுண்ணாம்பு கிடைக்கவில்லை என்று சொல்வதும் பொய். கடற்கரைப் பக்கம் இறால் பண்ணைக்கு மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு போகிறது. திருவிழாவுக்குத் தெருவோரம் கோடு போட்டுத் தூவப் பொடி கிடைக்கிறது. வெற்றிலைக்குத் தடவ டப்பாவில் கிடைக்கிறது. குடும்பம் குடியிருக்கிற வீட்டுச் சுவருக்குக் கேட்டால் மட்டும் "ஸ்டாக் இல்ல". ஏன் என்றால் அதில் லாபம் கம்மி, அவ்வளவுதான். ஒரு கூடத்துக்கு வெள்ளையடிக்கச் சில நூறு ரூபாய்ச் சுண்ணாம்பு போதும். பட்டி, பிரைமர், எமல்ஷன், ரோலர், உப்புத்தாள், அதன்மேல் ஒரு "ஓதம் தடுக்கிற" டப்பா என்று பில் போட்டால் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். ஆளுக்குக் கூலி வேறு. ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்து கொத்தனார் வருவதில்லை, அது அவர் உழைப்பு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் வேலையே தப்பான வேலையாக இருந்தால்?

சரி, நானே செய்கிறேன் என்றால் அதற்கும் ஒரு பார்வை. "வீட்ல ஆம்பளைங்க இல்லையாம்மா?" என்று கொத்தனார் கேட்கிறார். இருக்கிறார்கள், அண்ணே, அவர்கள் வேலைக்குப் போயிருக்கிறார்கள். மட்டையைப் பிடித்துச் சுவரில் இழுக்க மீசை வேண்டுமா? என் பாட்டி செய்தார், அம்மா செய்தார், அடியில் காவிப் பட்டை கூட நூல் பிடித்து அவர்களே இழுத்தார்கள். ஓரகத்தி வேறு, "ஏன் அக்கா, இப்படியா மிச்சம் பிடிக்கணும், பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க" என்கிறாள். பார்க்கிறவர்கள் வந்து என் சுவரில் உதிர்கிற உப்பைப் பெருக்குகிறார்களா? உருப்படியாக நிற்கிற ஒன்றைக் குறைந்த காசில் செய்தால் கஞ்சம், வருஷா வருஷம் கெடுகிற ஒன்றுக்குக் கடன் வாங்கினால் கௌரவம். இந்த நியாயம் எனக்குப் புரியவே இல்லை.

கடைசியில் கிளிஞ்சல் சுண்ணாம்பே கிடைத்தது, பழைய காளவாய்க்காரர் ஒருவர் மூலமாக. நீற்றாத சுண்ணாம்பு, அதாவது இன்னும் தண்ணீர் படாத சுட்ட சுண்ணாம்பு. இதை எழுதுவதே யாராவது செய்து பார்க்க வேண்டும் என்றுதான், அதனால் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் வாளியில் போடாதீர்கள், இளகிவிடும். இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர், அப்புறம் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. உஸ்ஸென்று சீறிக்கொண்டு, அடுப்பே இல்லாமல் தளதளவென்று கொதிக்கும், ஆவி முகத்தில் அடிக்கும். கண்ணாடி, கையுறை கட்டாயம். கண்ணில் தெறித்தால் பார்வையே போகும், உடனே தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவிக்கொண்டே இருந்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். குழந்தைகளைக் கொல்லைப் பக்கமே விடக் கூடாது. ஆறினதும் மூடி வைத்து ஊற விட்டால் வெண்ணெய் பதத்துக்கு வரும், எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவு நல்லது. அதைக் கரைத்துப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, வடித்த கஞ்சி கொஞ்சம், நீலம் ஒரு சிட்டிகை. சிலர் ஒட்டுவதற்கு உப்பும் போடச் சொல்வார்கள். ஓதச் சுவருக்கு அது வேண்டவே வேண்டாம். பால் பதத்தில் மெலிசாக அடிக்க வேண்டும், திக்காக அப்பினால் பொருக்காக உதிரும். முதல் கை அடிக்கும்போது ஒன்றுமே இல்லாத மாதிரி சாம்பல் தண்ணீராகத் தெரியும், காயக் காயத்தான் வெள்ளை எழும்பும். அதற்குள் பயந்து மேலும் மேலும் அப்ப வேண்டாம். மூன்று கை மெலிசாகப் போதும்.

பெயிண்ட் இருக்கிற சுவரில் அப்படியே அடித்தால் பிடிக்காது, முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும், அதுதான் முதுகை ஒடிக்கிற வேலை. பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவவே கூடாது, கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். காய்ந்தபடி பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி அள்ளி வெளியே கொட்ட வேண்டும். தெற்குச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு அந்தச் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் போட்டுப் பூசினோம். இந்த மழைக்கு ஓதம் வராமல் இல்லை, வந்தது, சுவர் ஒரு முழ உயரத்துக்கு நிறம் மங்கியது. வெயில் வந்ததும் காய்ந்துவிட்டது. கொப்புளம் இல்லை, உரியவில்லை. உப்பு லேசாகப் பூத்தது, பெருக்கியாயிற்று. பக்கத்திலேயே எமல்ஷன் அடித்த சுவர் உரிந்து தொங்குகிறது. கண்ணுக்கு முன்னால் இரண்டு சுவர், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? தரங்கம்பாடிக்குப் போய்ப் பாருங்கள், 1620-ல் தொடங்கிய டேனிஷ் கோட்டை கடலுக்கு நேர் எதிரே உப்புக் காற்றில் நிற்கிறது. அங்கே பழைய வீடுகளைப் புதுப்பித்தவர்கள் சுண்ணாம்பைத்தான் தேடிப் போனார்கள். வெளிநாட்டுக்காரர் பார்க்க வருகிற கட்டடம் என்றால் சுண்ணாம்பு, நாங்கள் குடியிருக்கிற வீடு என்றால் பட்டியா?

இதே புத்திதான் எல்லாவற்றிலும். குழாய் சொட்டுகிறது, ஒரு வாஷர் கொடுங்கள் என்றால் "வாஷர்லாம் வராதுக்கா, குழாயையே மாத்திடுங்க". கதவு மழைக்கு ஊதிப் பிடிக்கிறது, கொஞ்சம் இழைத்தால் போதும், "பிவிசி கதவு போட்டுடுங்க". தேக்குக் கதவை எடுத்துவிட்டு! கஜா புயலுக்குப் பிறகு, 2018-ல், உடைந்த ஓடுகளை மட்டும் மாற்றலாம் என்று தேடினவர்களை எல்லாம் தகர ஷீட்டுக்குத் தள்ளிவிட்டார்கள், இப்போது சித்திரை வெயிலில் அந்த வீடுகளுக்குள் உட்கார முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே தெரு. நான் என் சுவரை எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும், பழைய சாலை மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு எங்கள் திண்ணைக்கு ஏற இருந்த படி மண்ணுக்குள் போய்விட்டது. தெருத் தண்ணீர் சுவரோரம் தேங்குகிறது. பழசைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும், வீடுகள் பள்ளமாகக் கூடாது என்று 2021-ல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். எங்கள் தெருவில் சுரண்டியதை நான் பார்க்கவில்லை. கேட்டால் "ரோடு நல்லாத்தானே இருக்கு" என்கிறார்கள். ரோடு நன்றாக இருக்கிறது, வீடு ஊறுகிறது. இதை நான் மட்டையாலும் சுண்ணாம்பாலும் சரி செய்ய முடியாது, அதற்குப் பொறுப்பானவர்கள் செய்ய வேண்டும். நான் செய்ய முடிந்தது, சுவரோரம் முன்பு போட்ட சிமெண்டுத் தளத்தை ஒரு முழ அகலத்துக்கு உடைத்து எடுத்து, சரிவாகச் சின்னதாய் ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கொல்லைப் பக்கம் திருப்பியதுதான். அதற்கும் "நல்லாருந்த தரைய ஏன் ஒடைக்கிறீங்க" என்று ஒரு பஞ்சாயத்து.

நேற்று பெரிய நாத்தனார் வீட்டுக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். உரிந்து கிடக்கிற வடக்குச் சுவரை அவர் தட்டிப் பார்த்துவிட்டு, கூடம் முழுக்க நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிட்டால் ஓதமே தெரியாது என்கிறார். தெரியாதுதான், நாலடிக்கு மேலே ஏறுகிற வரைக்கும் தெரியாது. வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். டிரம்மில் இன்னும் பாதிச் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருக்கிறது, மாசியில் வடக்குச் சுவரைக் கொத்தப் போகிறேன். மணல் சலித்துக் கொடுக்கவும், சுண்ணாம்புக் கலவை தெரிந்து கரணை பிடிக்கவும் வயதான கொத்தனார் யாராவது மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் இருந்தால் சொல்லுங்கள், கேட்ட கூலியைக் கொடுக்கிறேன்.