விலக்கு வந்தது, பணம் வரவில்லை

2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை முடக்கியது பற்றி, "அமெரிக்கா நிறுத்தியது ஆய்வுப் பணத்தை மட்டும்தான், உயிர்காக்கும் உதவிக்கு விலக்கு உண்டு, யாரும் சாகவில்லை" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. 2025 ஜனவரி இறுதியில் அந்த விலக்கு அறிவிக்கப்பட்டது உண்மை. ஆனால் பணப்பட்டுவாடா முடங்கியது. சூடானில் பொதுச் சமையற்கூடங்கள் நூற்றுக்கணக்கில் மூடப்பட்டன. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று மார்ச்சில் வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோவே அறிவித்தார்.

ஆய்வை ஏதோ ஆடம்பரம் போலப் பேசுவதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. டாக்கா காலரா ஆய்வகத்தில் 1968இல் சோதித்துத் தேறிய உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுக்கும் முறையைத்தான் 1971இல் காலரா பரவிய வங்க அகதிகளின் பொங்காவ் முகாமில் (மேற்கு வங்கம்) மருத்துவர் திலீப் மகலநாபிஸ் கையாண்டார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அந்த ஆய்வகத்தின் வழிவந்த நிறுவனம்தான் அமெரிக்கப் பணம் நின்றதால் 2025இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை வீட்டுக்கு அனுப்ப நேர்ந்தது.

தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி. தடுப்பு வளையத்தை உடலுக்குள் வைத்திருந்த பெண்களின் பரிசோதனையும் பாதியில் நின்றது. அமெரிக்கப் பணத்தில் நடந்த, பஞ்சத்தை முன்கூட்டியே எச்சரிக்கும் பியூஸ்நெட் இணையதளம் மாதக்கணக்கில் இருண்டு கிடந்தது. கணக்கெடுப்பவர்களையே வீட்டுக்கு அனுப்பிவிட்ட இடத்தில், யாரும் சாகவில்லை என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்?