பாதியில் நின்ற உருண்டை

(கூடத்தின் நடுவில் ஓர் அலமாரி மூன்று காலில் நிற்கிறது. நான்காவது கால் ஜன்னலோரம் கிடக்கிறது. சித்தப்பா ஒரு ஸ்க்ரூவைக் கண்ணுக்கு நேரே பிடித்து, அது எதற்கு மிஞ்சியது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். ஒன்பது வயது மீனு புத்தகத்தோடு வருகிறாள்.)

மீனு: சித்தப்பா, வெஸ்டா என்றால் என்ன?

சித்தப்பா: (ஸ்க்ரூவை உடனே கீழே வைத்துவிட்டு) அருமையான கேள்வி! செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில்...

மீனு: புதன்.

சித்தப்பா: என்னது?

மீனு: செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் புதன்தானே வரும்.

சித்தப்பா: கிழமை இல்லை, கோள்! வானத்தில் அந்த இரண்டுக்கும் நடுவில் லட்சக்கணக்கான கற்கள் சூரியனைச் சுற்றுகின்றன. சிறுகோள் பட்டை என்பார்கள். அதில் எடையில் முதலாவது சீரிஸ், இரண்டாவது வெஸ்டா. குறுக்கே அளந்தால் சுமார் 525 கிலோமீட்டர். 1807இல் ஓல்பர்ஸ் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார்.

மீனு: அவ்வளவு பெரிய கல்லை யார் அங்கே போட்டது?

சித்தப்பா: யாரும் போடவில்லை, அதுவாகவே சேர்ந்தது. சுமார் 456 கோடி வருஷத்துக்கு முன்னால் சூரியனைச் சுற்றி வெறும் தூசும் வாயுவும்தான். தூசு தூசோடு ஒட்டி, கட்டியாகி, கட்டிகள் சேர்ந்து பாறையாகி, அப்படியே உருண்டு திரண்டு வந்தது. கட்டிலுக்கு அடியில் பெருக்காமல் விட்டால் தூசி திரளுமே, அந்த மாதிரி.

மீனு: உங்கள் கட்டிலுக்கு அடியில் இப்போதே ஒரு கோள் தயார்.

சித்தப்பா: (காதில் விழாத மாதிரி) அப்புறம்தான் வேடிக்கை. அந்தத் தூசில் ஒரு விசேஷ அலுமினியம் கலந்திருந்தது. அலுமினியம் 26 என்று பெயர்.

மீனு: 26 கிலோவா?

சித்தப்பா: இல்லை, அது அதன் அடையாள எண். சமையலறையில் இருக்கும் அலுமினியத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள். தம்பி பரம சாது, இந்த அண்ணன் உட்கார்ந்த இடத்திலேயே சிதைந்துகொண்டு சூட்டைக் கக்குவான். அந்தச் சூட்டில் வெஸ்டாவின் உள்ளே எல்லாம் உருகிவிட்டது. கனமான இரும்பு நடுவில் போய் உட்கார்ந்தது, லேசான பாறை மேலே வந்தது, அதற்கும் மேலே எரிமலைக் குழம்பு வழிந்து உறைந்தது. நம் பூமிக்கு உள்ளேயும் இதே கதைதான். வெஸ்டா என்பது ரோமானியர்களின் அடுப்பு நெருப்புத் தெய்வத்தின் பெயர். வைத்தபோது உள்ளே இப்படி உருகிய கதை யாருக்கும் தெரியாது, ஆனாலும் பொருந்திவிட்டது பார்!

மீனு: இரும்பு, பாறை எல்லாம் இருக்கிறதே, பிறகு ஏன் பெரிய கோளாக ஆகவில்லை?

சித்தப்பா: வியாழன் விடவில்லை. அவ்வளவு பெரிய கோள் பக்கத்தில் நின்று தன் ஈர்ப்பால் எல்லாக் கற்களையும் இழுத்து அலைக்கழித்தது. மெதுவாக வந்து ஒட்ட வேண்டியவை வேகமாக வந்து மோதி உடைந்தன. பாதிக்கு மேல் வேலை நடந்த இடத்தில் குறுக்கே ஒரு பெரிய ஆள் புகுந்தால் அப்படித்தான். (அலமாரியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்.)

மீனு: 456 கோடி வருஷத்துக்கு முன் நடந்ததை யார் பார்த்தது?

சித்தப்பா: கல்லே சாட்சி! பூமியில் விழுந்த விண்கற்களில் நூற்றுக்குச் சுமார் ஆறு வெஸ்டாவின் துண்டுகள்.

மீனு: கல்லில் பெயர் எழுதியிருக்குமா?

சித்தப்பா: கிட்டத்தட்ட. வெஸ்டாவின் மேல் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தார்கள். அந்த விண்கற்களில் பட்டுத் திரும்பும் ஒளியும் அதே மாதிரி இருந்தது. அப்புறம் நாசாவின் டான் விண்கலம் 2011 ஜூலையில் அங்கேயே போய், ஒரு வருஷத்துக்கு மேல் சுற்றிச் சுற்றிப் பார்த்து அதை உறுதி செய்தது. தெற்கே ஒரு பள்ளம், அகலம் 500 கிலோமீட்டர்!

மீனு: ஆள் மொத்தமே 525 என்றீர்கள்?

சித்தப்பா: அதுதான் சொல்கிறேன், அப்படி ஓர் அடி! பள்ளத்தின் நடுவில் 20 கிலோமீட்டருக்கு மேல் ஒரு மலை, எவரெஸ்ட்டைப் போல் இரண்டு மடங்கு. அடித்த அடியில் பறந்த துண்டுகளில் சிலதுதான் சுற்றிச் சுற்றி நம்மிடம் வந்து சேர்ந்தன.

மீனு: அங்கே எனக்கு என்ன வயது?

சித்தப்பா: அது சூரியனை ஒருமுறை சுற்ற மூன்றரை வருஷத்துக்கும் கொஞ்சம் கூட. அதனால் உனக்கு ஏறக்குறைய இரண்டரை.

மீனு: அப்போ பள்ளிக்கூடமே கிடையாது! (அலமாரியைச் சுற்றி வந்து பார்க்கிறாள். அது லேசாக ஆடுகிறது.) சரி, இதை எப்போது முடிப்பீர்கள்?

சித்தப்பா: என்ன அவசரம்? வருகிற வியாழன்...

மீனு: (உள்ளே ஓடிக்கொண்டே) சித்தி! அலமாரி அவ்வளவுதானாம்!