ஆஃப்ஜெம் அறிவிக்கும் தொகை ஒரு வீட்டின் அதிகபட்சக் கட்டணம் அன்று

பிரிட்டனில் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் அறிவிக்கும் ஆண்டுத் தொகைக்கு மேல் எந்த வீடும் மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் செலுத்த வேண்டியதில்லை என்று இந்த விவாதத்தில் ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதை ஆமோதித்துள்ளனர். அது சரியன்று.

ஆஃப்ஜெம் விதிக்கும் விலை உச்சவரம்பு 2019 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. வழக்கமான மாறும் கட்டணத் திட்டங்களில், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு விலை நிலையாக இல்லாத திட்டங்களில், ஒரு யூனிட்டுக்கும் அன்றாட நிலைக் கட்டணத்துக்கும் (பயன்பாடு எவ்வளவாயினும் நாள்தோறும் செலுத்த வேண்டியது) நிறுவனங்கள் வசூலிக்கக்கூடிய விலையை மட்டுமே அது கட்டுப்படுத்துகிறது. மொத்தக் கட்டணத்துக்கு அது எல்லை வகுக்கவில்லை. செய்திகளில் வரும் ஆண்டுத் தொகை, சராசரிப் பயன்பாடுள்ள ஒரு வீட்டுக்கான கணக்கு. 2023 அக்டோபரில் அந்தச் சராசரியை ஓராண்டுக்கு மின்சாரம் 2,700 யூனிட், எரிவாயு 11,500 யூனிட் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி) என்று ஆஃப்ஜெம் நிர்ணயித்தது. அதைவிடக் கூடுதலாகப் பயன்படுத்தும் வீடு, குறிப்பாகக் குளிரைத் தடுக்கும் வசதியற்ற பழைய வீடு, அத்தொகையையும் தாண்டிச் செலுத்தவே நேரும்.

இந்தக் குழப்பத்துக்கு நண்பரை மட்டும் குறைகூற முடியாது. சராசரி வீட்டின் ஆண்டுக் கட்டணம் 2,500 பவுண்டு அளவில் இருக்கும்படி யூனிட் விலையைக் கட்டுப்படுத்தும் உத்தரவாதத்தை 2022இல் அரசு அறிவித்தபோது, அன்றைய பிரதமர் லிஸ் டிரஸ்ஸே வானொலிப் பேட்டிகளில் யாரும் அத்தொகைக்கு மேல் செலுத்த வேண்டியதில்லை என்றுதான் சொன்னார்.

சரிபார்க்க விரும்புவோர் ஆஃப்ஜெம் இணையதளத்தில் தம் வட்டாரத்துக்கும் செலுத்தும் முறைக்கும் உரிய யூனிட் விலையை எடுத்து, தம் ரசீதிலுள்ள விலையோடு ஒப்பிடலாம். பிறகு அந்த விலையை ஓராண்டுப் பயன்பாட்டால் பெருக்கி, 365 நாள் நிலைக் கட்டணத்தைக் கூட்டினால், இன்றைய விலையில் தம் வீட்டுக்குரிய ஆண்டுத் தொகை ஏறத்தாழத் தெரிந்துவிடும்.