டிஸ்சார்ஜ் அன்று யார் நிற்கிறார்கள்?

பக்கவாதத்தில் படுத்துவிட்ட பெரியவரை வீட்டில் யார் பார்த்துக்கொள்வது என்று எந்தக் குடும்பமும் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பதில்லை. டிஸ்சார்ஜ் அன்று நர்ஸ், "பேஷண்ட் கூட யாரு இருக்கீங்க?" என்று கேட்பார். அப்போது கட்டில் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் மூக்கு டியூபில் கஞ்சி விடக் கற்றுக்கொடுப்பார்கள். பெரும்பாலும் அது மருமகள், இல்லையென்றால் கல்யாணமாகாத மகள். வேலையை விட்டாலும் குடும்ப வருமானம் பெரிதாகக் குறையாது என்று மற்றவர்கள் நினைக்கும் ஆள். பாசம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. ஆனால் பொறுப்பு ஒருவரிடமே தங்கிவிடக் காரணம் கைப்பழக்கம்.

அந்த வேலையைப் பாருங்கள். கஞ்சி விடும் முன் தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்த வேண்டும். டியூபில் போட்ட குறி மூக்கருகே அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நகர்ந்திருந்தால் ஒரு சொட்டுக்கூட விடக்கூடாது. வடிகட்டிய கஞ்சி தானாக இறங்கட்டும், அழுத்தித் தள்ளாதீர்கள். முடிந்ததும் 30 மில்லி தண்ணீர் விடாவிட்டால் டியூப் அடைத்துக்கொள்ளும். அரை மணி நேரமாவது சாய்த்தே வைக்காவிட்டால் கஞ்சி எதுக்களித்து நுரையீரலுக்குள் போகும், நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இரவிலும்தான். தரதரவென்று இழுத்தால் தோல் உரிந்துவிடும். விரிப்போடு சேர்த்து இருவர் தூக்கிப் புரட்ட வேண்டும். வால் எலும்பும் குதிகாலும்தான் முதலில் புண்ணாகும் இடங்கள். நம் கருத்த தோலில் சிவப்பு தெரியாமல் போகும், அதனால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஒரு மாதம் இதைச் செய்தவருக்குக் கை பழகிவிடும். "அண்ணி பாத்தாத்தான் அப்பாவுக்கு ஒத்துவருது" என்று மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். பாராட்டு மாதிரி இருக்கும் இந்தப் பேச்சை நான் அநியாயம் என்றே சொல்வேன். பெற்றோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம் 'பிள்ளைகள்' என்று சொல்வது மகன், மகள், பேரன், பேத்தியை. அந்தப் பட்டியலில் மருமகள் இல்லை.

அதனால் டிஸ்சார்ஜ் அன்று இரண்டு பேர் நில்லுங்கள். ஒருவர் மகனாக இருக்கட்டும். இருவரும் நர்ஸ் முன்னால் ஒருமுறை கஞ்சி விட்டுக் காட்டுங்கள். வெளியூர்ப் பிள்ளைகள் மருந்துச் செலவோடு இரவு ஆளுக்கான சம்பளத்தையும் பங்கு போட்டு அனுப்புங்கள். தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும், வலியையும் அவதியையும் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த வாரமே பெயர் கொடுத்துவிடுங்கள்.